இறங்கிக்கொண்டே இருந்த எண்

அத்தியாயம் 6

கதவு சாத்திய சத்தம் கேட்டதுமே ஃபிர்மானுக்கு அது சரியாகப் படவில்லை. காற்றில் சாத்திக்கொள்கிற கதவு ஒரு அடியோடு நின்றுவிடும். இது சாத்தியது, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தது, அப்புறம் வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.

பத்தொன்பது வயதில், லான்ஸ் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து இரண்டு பகலும் ஓர் இரவும் புதைந்து கிடந்தவன் அவன். அதற்கப்புறம் சுரங்கத்தை விட்டான். பன்னிரண்டு வருஷம் டாக்ஸி ஓட்டினான், மழையிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு. பிறகு அமியேன் நகரத்தில் துப்பறியும் ஓரெலி வாஸிடம் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் போட்ட ஒரே நிபந்தனை, நிலவறைக்குள் இறங்கச் சொல்லக்கூடாது என்பது. இன்றைக்கு யாரும் இறங்கச் சொல்லவில்லை. மாடி ஏறித்தான் வந்திருந்தான்.

"முதலாளியம்மா, நம்மள உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க."

"கேட்டுச்சு," என்றாள் ஓரெலி. எதிரிலிருந்த பித்தளைக் கருவியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஃபிர்மான் கதவை இரண்டு கையாலும் அடித்தான். தோளால் இடித்தான். கீழ்த்தளத்தில் சர்க்கரைக்கான பீட் கிழங்கு சீவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நவம்பர் மாதம், அறுவடை உச்சம், வால்மெரி சர்க்கரை ஆலையின் வாசலிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் கிழங்கு வண்டிகள் நின்றன. அவன் போட்ட கூச்சல் அந்த இரைச்சலைத் தாண்டிக் கீழே எட்டவில்லை. கதவு கனத்த ஓக் மரம். அசையவில்லை.

அறை நாலு எட்டு நீளம், மூன்று எட்டு அகலம். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்புப் பூச்சு. எதிர்ச் சுவரில், கண் மட்டத்தில், ஒரு காசு அளவு ஓட்டை. அதில் தடித்த கண்ணாடி. அந்தப் பக்கம் ஒரு சின்ன விளக்கறை. அங்கே எரிகிற விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அந்த ஓட்டை வழியாகக் கருவிக்குள் விழுந்தது. அறையில் இருந்த வெளிச்சம் அவ்வளவுதான்.

அவர்களை இங்கே வரச் சொன்னவர் அஷீல் தோமோன். ஆலைக்குக் கிழங்கு போடும் விவசாயிகள் தங்கள் சார்பில் நியமித்திருந்த ரசாயனக்காரர். ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு கிழங்கை எடுத்து, சாறு பிழிந்து, தெளிய வைத்து, அதில் எவ்வளவு சர்க்கரை என்று இந்த இருட்டறையில் அளப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் விலை. போன வாரம் தோமோன் எழுதிய கடிதம் ஓரெலியின் கைப்பையில் இருந்தது. எண்கள் பொய்யாக இருக்கின்றன, ஆனால் ஒரு நாள் கூடுதல், ஒரு நாள் குறைச்சல், ஆலைக்கு லாபமா விவசாயிக்கு லாபமா என்று எனக்கே புரியவில்லை, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நேரில் வந்தால் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தார்.

மூன்று மணிக்கு வந்தார்கள். தோமோனைக் காணோம். ஆலைச் சோதனைக்கூடத்தில் அளவு பார்க்கும் மதாம் வார்லே மட்டும் இருந்தாள். சாம்பல் நிற ஏப்ரன், ஐம்பது தாண்டிய வயது, மெதுவான பேச்சு. மிஸ்யே தோமோனுக்கு உடம்பு சரியில்லை, பன்னிரண்டு மணி ரயிலுக்கே போய்விட்டார், ஆனால் அவர் தயார் செய்த குழாய் கருவியிலேயே இருக்கிறது, விளக்கும் எரிகிறது, வேண்டுமானால் பாருங்கள் என்றாள். இருட்டறை வரைக்கும் கூடவே வந்து வழி காட்டினாள். அப்புறம்தான் அந்தத் தாழ்ப்பாள்.

"இதுல என்ன பார்க்கறீங்க?" ஃபிர்மான் கேட்டான். பேசிக்கொண்டிருந்தால் சுவர்கள் கிட்டே வராது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

ஓரெலி, சண்டைக் காலத்தில் ஆண்கள் எல்லாரும் போர்முனைக்குப் போயிருந்தபோது, ஒரு சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் நாலு வருஷம் வேலை பார்த்தவள்.

"வெளிச்சம் சாதாரணமா எல்லாப் பக்கமும் ஆடிக்கிட்டே வரும். இந்த முனையில ஒரு படிகம் இருக்கு. அது ஒரு இடுக்கு மாதிரி, ஒரே திசையில ஆடுற வெளிச்சத்தை மட்டும்தான் உள்ள விடும். நடுவுல இந்தக் குழாய்ல சர்க்கரைத் தண்ணி. அது அந்தத் திசையை முறுக்கி விட்டுடும். எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு முறுக்கு. இந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு படிகத்தைத் திருப்பி, எவ்வளவு முறுக்கியிருக்குன்னு இந்த வட்டத்துல படிக்கணும்."

ஃபிர்மான் யோசித்தான். "அதாவது, வாசல்ல நேரா நுழைஞ்சவன் குடிச்சிட்டு சாய்ஞ்சுக்கிட்டே வெளிய வர்றான். எவ்வளவு சாய்ஞ்சான்னு பார்த்து எத்தனை கிளாஸ்னு சொல்றோம்."

"நாலு வருஷத்துல எனக்கு யாரும் இவ்வளவு நல்லா சொல்லித் தரல. வாங்க, நீங்களும் பாருங்க. நான் பார்த்ததுல முப்பத்தொன்பது டிகிரி. மணி மூணு அஞ்சு."

பார்க்கச் சொன்னது அவனைச் சும்மா இருக்க விடாமல் செய்யத்தான் என்று ஃபிர்மானுக்குத் தெரியும். குனிந்து கண்ணை வைத்தான். மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு, ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி மங்கலாகவும் தெரிந்தது. இரண்டு பாதியும் ஒரே மாதிரி ஆகிற வரைக்கும் திருகு, அப்போது எண்ணைப் படி என்றாள். தடித்த விரல்களால் திருகினான். மூன்று முறை செய்தான். முதலில் முப்பத்தெட்டு புள்ளி மூன்று. அடுத்து முப்பத்தேழு புள்ளி ஒன்பது. பிறகு முப்பத்தெட்டு.

"எனக்கு வராது போல."

"யாருக்கும் மூணு தடவையும் ஒரே எண் வராது. கண்ணுன்னா கொஞ்சம் முன்ன பின்ன ஆகத்தான் செய்யும்," என்று சொல்லி அவனை நகர்த்திவிட்டுத் தானும் ஒருமுறை பார்த்தாள். பார்த்தவள் அப்படியே இருந்தாள். கைக்கடிகாரத்தை மஞ்சள் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். மூன்று பதினைந்து. எண் முப்பத்தேழு புள்ளி நாலு.

"உங்களுக்கு நல்லாத்தான் வந்திருக்கு, ஃபிர்மான். எண்தான் இறங்குது."

மேஜையில் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது, முக்காலுக்கு மேல் நிறைந்து. தோமோனின் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: சுத்தச் சர்க்கரை, 26 கிராம். சர்க்கரைத் தண்ணீர் இன்றைக்குக் காட்டுகிற எண்ணைத்தான் நாளைக்கும் காட்டும், அது நகரவே நகராது என்று ஓரெலி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபிர்மான் குடுவையில் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டான்.

"சோதனைக்கூடத்துல இருக்கிறதை நக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாராவது சொல்லணுமா?"

"மதியம் சாப்பிடல, முதலாளியம்மா. ஆனா இது சர்க்கரை இல்ல. இனிக்குது, ஆனா மனசில்லாம இனிக்குது."

ஓரெலியும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"குளுக்கோஸ். சீட்டு பொய். குளுக்கோஸைத் தண்ணியில கரைச்ச உடனே ரொம்ப அதிகமா முறுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி ஒரு இடத்துல போய் நிக்கும். இந்த அளவுக்கு அம்பத்தெட்டுல ஆரம்பிச்சு இருபத்தேழரையில நிக்கணும். மீதி தூரத்துல பாதியைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்த பாதிக்கு இன்னொரு முக்கால் மணி நேரம்."

அவள் உதடு அசையக் கணக்குப் போட்டாள். ஃபிர்மான் காத்திருந்தான். சுவர் கிட்டே வந்த மாதிரி இருந்தது. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

"ரெண்டு மணி," என்றாள். "இதைக் கரைச்சது மதியம் ரெண்டு மணிக்கு. அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன இருக்கலாம்."

"பன்னிரண்டு மணி ரயில்ல போன மனுஷர் ரெண்டு மணிக்கு வந்து கரைச்சுட்டுப் போனாரா?"

"அவர் போகவே இல்ல."

ஃபிர்மான் தீக்குச்சி ஒன்றைக் கிழித்தான். பெட்டியில் இன்னும் நாலு இருந்தன. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தொப்பியும் மேல்கோட்டும் தொங்கின. கோட்டின் கீழே பெஞ்சில் கட்டம் போட்ட துணியில் ஒரு பொட்டலம். பிரித்தான். ரொட்டி, காகிதத்தில் இறுகச் சுற்றிய மரோய் பாலாடைக்கட்டி, வேகவைத்த முட்டை. தொடப்படவில்லை. மதியச் சாப்பாட்டையும் தொப்பியையும் விட்டுவிட்டு ரயிலேறுகிற ஆளை இந்த ஜில்லாவில் தான் பார்த்ததில்லை என்றான். பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் ஓர் ஊசியும், பாதி தீர்ந்த ஒரு சின்ன மருந்துப் புட்டியும், ஈரம் காயாத பஞ்சும். குச்சி விரலைச் சுட்டு அணைந்தது.

ஓரெலி இதற்குள் அளவுப் புத்தகத்தை எடுத்து அந்த ஓட்டை வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். இன்றைய தேதியில் கடைசியாக மூன்று வரிகள், தோமோனின் கிறுக்கல் இல்லை, உருண்டையான அழகான எழுத்து. இரண்டு இருபது, 34.6. இரண்டு முப்பது, 34.6. இரண்டு நாற்பது, 34.6. கீழே வார்லே என்று கையெழுத்து.

"மூணு தடவையும் ஒரே எண்," என்றான் ஃபிர்மான். "யாருக்கும் வராதுன்னீங்க."

"அதுவும் இறங்கிக்கிட்டே இருக்கிற தண்ணியில. அந்த நேரத்துக்கு அம்பது, நாப்பத்தேழு, நாப்பத்து நாலுன்னு வந்திருக்கணும்." அவள் புத்தகத்தை மூடினாள். "சுத்தச் சர்க்கரை இருபத்தாறு கிராமுக்கு முப்பத்து நாலு புள்ளி ஆறு. இந்தத் தொழில்ல இருக்கிறவங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. தோமோன் பொய்ச் சீட்டு ஒட்டி அந்தம்மாவைப் பார்க்கச் சொல்லியிருக்கார். அந்தம்மா சீட்டை நம்பி மனப்பாடமா இருந்த எண்ணை எழுதிட்டாங்க. உள்ள பார்க்கவே இல்ல."

"ஏன்? ஒரு தடவை குனிஞ்சு பார்க்கறதுல என்ன நஷ்டம்?"

அதுதான் தனக்கும் பிடிபடவில்லை என்றாள் ஓரெலி. திருடுகிறவனாக இருந்தால் ஒரே பக்கமாகத்தான் பொய் சொல்லுவான். இங்கே எண்கள் இரண்டு பக்கமும் தவறுகின்றன. யாருக்கும் பைசா லாபமில்லாத ஒரு பொய்க்காக எதற்கு இரண்டு பேரை உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும்?

அவள் மூன்றாவது முறை பார்க்கக் குனிந்தபோது வெளிச்சம் மங்கியது. மஞ்சள் வெளிறி, ஓட்டையின் விளிம்பில் நீலம் எட்டிப் பார்த்தது. சுரங்கத்தில் விளக்கு இப்படித்தான் முதலில் வெளிறும். ஃபிர்மான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒன்று இரண்டு என்று எண்ணினான். முப்பது எண்ணுவதற்குள் அந்தப் பக்கம் ஏதோ படபடத்தது, மஞ்சள் வெளிச்சம் பழையபடி நிறைந்தது.

"முப்பத்தாறு," என்றாள் ஓரெலி. "மூணு இருபத்தஞ்சு." சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். கருவியைப் பார்க்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒரு முட்டாள். அந்த விளக்குல மஞ்சள் எங்கிருந்து வருது தெரியுமா?"

"விளக்குலேர்ந்து."

"உப்புலேர்ந்து. அடுப்பு காஸ் நீலமாத்தான் எரியும். ஒரு கம்பிக் கரண்டியில உப்பை வெச்சு அதுக்குள்ள பிடிச்சாத்தான் மஞ்சள் வரும். அந்த உப்பு பத்து நிமிஷம் தாங்கும். அப்புறம் யாராவது கையால புதுசா வைக்கணும். நாம வந்து இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

ஃபிர்மானின் பிடரி முடி நட்டுக்கொண்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தூரத்தில், ஒரு கை இருக்கிறது.

"மதாம் வார்லே?"

"உங்களைப் பூட்டி வெச்சவங்க உட்கார்ந்து உங்களுக்கு விளக்கும் பிடிப்பாங்களா?"

ஃபிர்மான் குனிந்தான். மேஜைக்கடியில் காஸ் குழாய் ஒன்று ஓடி, சுவரைத் துளைத்து விளக்கறைக்குப் போயிற்று. சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து அதன் பிடியால் குழாயில் தட்டினான். மூன்று தட்டு, நிறுத்தி, மறுபடி மூன்று. சுரங்கத்தில் இடிந்த கூரைக்குப் பின்னால் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கும் தட்டு அது. அவனுக்காகவும் ஒரு காலத்தில் யாரோ தட்டியிருக்கிறார்கள்.

பதில் தட்டு வரவில்லை. ஆனால் வெளிச்சம் நடுங்கியது. ஒரு பிடி உப்பை அப்படியே கொட்டினால்போல் பளீரென்று எரிந்து, சிதறி, உடனே பாதியாகச் சுருங்கியது.

"கை உதறுது," என்றாள் ஓரெலி. பெஞ்சிடம் போய்த் தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "இது இன்சுலின், ஃபிர்மான். அவருக்குச் சர்க்கரை வியாதி. என் அண்ணனுக்கும் இருந்துச்சு. ஊசி போட்டா உடனே சாப்பிட்டாகணும். இவர் ஊசி போட்டுக்கிட்டார், சாப்பாடு இங்கயே இருக்கு. சாப்பிடலைன்னா ரத்தத்துல இருக்கிற சர்க்கரை எல்லாம் வடிஞ்சிடும். வேர்க்கும், உதறும், புத்தி தடுமாறும். எங்க அண்ணன் ஒரு தடவை தன் பேர் மறந்து போய்க்கூட பூட்ஸுக்கு நாடா கட்டிக்கிட்டே இருந்தார். இவர் கை உப்பு வெச்சுக்கிட்டே இருக்கு. அந்தக் கையும் நின்னுச்சுன்னா..."

அண்ணனுக்கு *இருந்தது* என்றுதான் அவள் சொன்னாள் என்பது ஃபிர்மானுக்கு அப்போதுதான் உறைத்தது.

கீழே ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டை சர்க்கரை. இங்கே சர்க்கரை இல்லாமல் ஒரு மனிதன் சாகிறான்.

ஃபிர்மான் சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்தான். வெளிச்சுவர் எல்லாம் இரண்டு முழக் கனம். இது பின்னால் எழுப்பிய தடுப்பு, ஒற்றைச் செங்கல், சுண்ணாம்புக் காரை. இடிக்கலாம் என்றான். ஆனால் ஓட்டைக்கு நேரே அந்தப் பக்கம் விளக்கு எரிகிறது. செங்கல் விழுந்து விளக்கு சாய்ந்தால் காஸ் கசியும். தீப்பிடிக்கும், அல்லது தீப்பிடிக்காமலே மூன்று பேரையும் தூங்க வைத்துவிடும்.

காஸ் குழாயில், மேஜைக்கடியில், ஒரு திருகு இருந்தது. அதை மூடினால் காஸ் நிற்கும். விளக்கும் அணையும். இருவருமே அதைப் பார்த்தார்கள்.

"நான் மூடட்டுமா?" என்று கேட்டாள் ஓரெலி. அவன் கதை அவளுக்குத் தெரியும்.

"வேணாம். நீங்க மூடினா நான் உங்களைத் திட்டுவேன். நானே மூடினா யாரையும் திட்ட முடியாது."

கருவியிலிருந்து அளவுக்குழாயைக் கழற்றிக் குடுவையோடு ஓரமாக வைக்கச் சொன்னான். பித்தளைப் பாகத்தைத் திருகி எடுத்ததும் அடியிலிருந்த வார்ப்பிரும்புப் பாதம் தனியாக வந்தது. நல்ல கனம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, செங்கல் வரிகளை ஒருமுறை விரலால் தடவி மனசில் வைத்துக்கொண்டு, குனிந்து திருகை மூடினான்.

இருட்டு விழுந்தது.

அவன் வாய்க்குள் ஏதோ முனகினான். ஆலையின் இரைச்சலில் அது ஓரெலிக்குக் கேட்கவில்லை. பிறகு இடிக்கத் தொடங்கினான். முதல் அடியில் கண்ணாடி போயிற்று. நாலாவதில் ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. காரைப் பொடி வாயில் நிறைந்தது. அந்த ருசி அவனுக்குத் தெரிந்த ருசி. இருபத்தைந்து வருஷமாக அவன் தண்ணீர் குடித்துக் குடித்துக் கழுவப் பார்த்த ருசி. கை நின்றுவிட்டது. ஓரெலி இருட்டில் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவன் மறுபடி ஓங்கினான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தோள் நுழையும் அளவுக்கு ஓட்டை வந்ததும் தலையை விட்டான். வயிறு சிக்கியது. மூச்சை முழுக்க வெளியே விட்டு, கால்களை ஓரெலி தள்ள, அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்தான். விளக்கறை ஒரு அலமாரி அளவுதான். முழங்காலிட்டால் முழங்கை சுவரில் இடித்தது. தடவினான். ஒரு தாடி, ஒல்லியான கழுத்து, மழையில் நனைந்தாற்போல் ஈரமான சட்டை. மூச்சு இருந்தது. விரல்களுக்கிடையில் உப்புக் கரண்டி.

"குடுவை," என்றான்.

ஓட்டை வழியாக அது வந்தது. அவன் வாங்கவில்லை, ஒரு கணம் தயங்கினான். "முதலாளியம்மா, இது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கிற சாட்சி."

"சாட்சி சொல்ல ஆளு உயிரோட இருக்கணும். ஊத்துங்க. கொஞ்சம் கொஞ்சமா, அவர் முழுங்கினதும் அடுத்தது."

தலையை மடியில் வைத்து, தாடையைத் தடவிக் கொடுத்து, ஒரு மிடறு ஊற்றினான். வழிந்தது. இன்னொன்று. தொண்டை அசைந்தது. அப்புறம் ஒவ்வொரு மிடறாக. குடுவை காலியானதும் அளவுக்குழாயையும் வாங்கி, மூடியைக் கழற்றி, அதில் இருந்ததையும் ஊற்றினான். எண் முப்பத்து நாலோ முப்பத்தைந்தோ காட்டியிருக்கும். இனி யாரும் அதைப் படிக்கப் போவதில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். மடியிலிருந்த தலை கனம் மாறியது. ஒரு கை வந்து ஃபிர்மானின் மணிக்கட்டைப் பிடித்தது, பலவீனமாக.

அப்போது தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

விளக்கறையின் கதவு திறந்தது. நடைவழி வெளிச்சம் ஃபிர்மானின் முகத்தில் அடித்தது. வாசலில் மதாம் வார்லே நின்றாள். இரண்டு கையிலும் ஒரு பீங்கான் கிண்ணம், அதில் சர்க்கரைக் கட்டிகள், வழிய வழிய. ஃபிர்மான் காலியான குடுவையை ஓங்கத் தயாராகப் பிடித்தான். அவள் நேராக அவனைப் பார்த்தாள். அவனுக்கு நூற்றுப் பத்து கிலோ உடம்பு, சிவப்பு மீசை, தலை முதல் கால் வரை செங்கல் தூள்.

"மிஸ்யே தோமோன்," என்றாள். "எழுந்து உட்கார்ந்துட்டீங்களா. கடவுள் காப்பாத்திட்டார். சர்க்கரை கொண்டு வந்திருக்கேன், இந்தாங்க."

கிண்ணத்தை நீட்டினாள். ஃபிர்மானின் தோளுக்கு ஒரு சாண் பக்கத்தில், வெறும் காற்றில்.

அவன் குடுவையைக் கீழே வைத்தான்.

சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஓரெலியின் குரல் வந்தது, தாழ்ந்த குரலில். "எவ்வளவு நாளா, மதாம்?"

கிண்ணம் ஆடியது. இரண்டு கட்டிகள் தரையில் உருண்டன. குரல் வந்த பக்கம் மதாம் வார்லே திரும்பவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

இரண்டு வருஷமாக என்றாள். முதலில் விளக்கைச் சுற்றி ஒரு பனி மாதிரி வந்தது. பிறகு வட்டத்தின் இரண்டு பாதியும் ஒன்றாகிப்போயிற்று, எப்படித் திருகினாலும் ஒரே மஞ்சள் கறை. இந்தப் பகுதியிலேயே நல்ல கண் மதாம் வார்லேயுடைய கண் என்று பெயர். புருஷன் போரில் போனபின் அந்தப் பெயரால்தான் வேலை, வேலையால்தான் ஆலை கொடுத்த வீடு. குழாய்களைக் கையால் தெரியும், விவசாயிகளைக் காலடிச் சத்தத்தால் தெரியும். யாருடைய நிலம், என்ன மழை, போன வருஷம் என்ன வந்தது என்று பார்த்து ஓர் எண்ணை எழுதுவாள். பெரும்பாலும் கிட்டத்தட்டச் சரியாகவே இருந்தது. யாரையும் ஏமாற்ற நினைத்ததில்லை. இன்று தோமோன் வந்து, மதாம், இந்தத் தண்ணீர் நகர்கிறது, நீங்கள் பார்க்கவே இல்லை, மூன்று மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு விளக்குக்கு உப்பு வைக்க உள்ளே போனார். தாழ்ப்பாள் கையருகே இருந்தது.

"நினைச்சுச் செய்யல. கை போட்டுடுச்சு. அப்புறம் எடுக்கத் தைரியம் வரல. நீங்க வந்தீங்க. உங்களையும் போட்டுப் பூட்டிட்டேன். ஒண்ணைப் பூட்டினவ ரெண்டாவதையும் பூட்டித்தானே ஆகணும்."

பிறகு கழுவும் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாளாம். அவர் ஊசி போட்டுக்கொண்டபோது வந்த ஸ்பிரிட் வாசனை ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் பாலாடைக்கட்டி வாசனை வரவேயில்லை என்பதும் ஞாபகம் வந்தது. மரோய் பாலாடைக்கட்டியைப் பிரித்தால் ஆலை முழுக்கத் தெரியும்.

"இன்னும் கால் மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா?" என்றாள் ஓரெலி.

"அதைத்தான் அங்க உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

ஃபிர்மானின் மடியிலிருந்த மனிதர் கண் திறந்தார். யார் இவன் என்று அவர் கேட்கவில்லை. "எவ்வளவு காட்டிச்சு?" என்றார்.

முப்பத்தொன்பது, முப்பத்தேழு புள்ளி நாலு, முப்பத்தாறு என்று ஓட்டை வழியே சொன்னாள் ஓரெலி. அவர் தலையை அசைத்தார். "ரெண்டு மணிக்குக் கரைச்சேன்."

"தெரியும்."

மதாம் வார்லே கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் என்ன எழுதியிருக்கணும்?"

"அம்பது. நாப்பத்தேழு. நாப்பத்து நாலு."

அவள் அந்த மூன்று எண்களையும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் தானாக விழுந்தது என்று எழுதிக்கொள்ளலாமே என்று தோமோன் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். முடியாது என்றாள் ஓரெலி. ஒரு மனிதன் செத்திருப்பான், நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், இரண்டு வருஷமாக இந்தம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு போன ஆலையைப் பற்றியும் எழுதுவேன், நீதிபதி இரண்டையும் படிக்கட்டும் என்றாள். மதாம் வார்லே கதவு நிலையிலிருந்து நிமிர்ந்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள், நாலாக மடித்தாள், நடைவழிச் சுவரில் ஆணி இருக்கும் இடத்தில் தவறாமல் மாட்டினாள்.

இருட்டறைக் கதவைத் திறந்து ஓரெலியை வெளியே விட்டு, தோமோனைச் சோதனைக்கூடத்து நாற்காலியில் சாய்த்து வைத்தபின், மருத்துவரையும் காவலரையும் அழைத்துவர ஃபிர்மான் கிளம்பினான். இந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள் ஓரெலி. அவன் மதாம் வார்லேயின் பக்கம் முழங்கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

மாடிப்படியில் வெளிச்சம் இல்லை. குறுகலான சுழற்படி, இரண்டு பக்கமும் ஈரச் சுவர், அடியில் கும்மிருட்டு. ஏறும்போது இவ்வளவு குறுகலாக இருந்ததா என்று ஃபிர்மானுக்கு நினைவில்லை. முதல் படியிலேயே கால் நின்றுவிட்டது. நெற்றியில் வேர்த்தது. பின்னால் திரும்பிவிடலாமா என்று நினைத்தான்.

"மொத்தம் பதினேழு படி," என்றது முன்னாலிருந்து அவள் குரல். "எட்டாவது கொஞ்சம் உடைஞ்சிருக்கும். என் தோள்ல கையை வெச்சுக்குங்க, மிஸ்யே. நான் சொல்லச் சொல்ல வாங்க."

அவன் கையை வைத்தான். அவள் எண்ண ஆரம்பித்தாள்.